முர்னாப் புல்வெளி: காபிரியேலே முன்ரரின் ஓர் ஓவியமும் அதன் வரலாறும்

ஜேர்மனியின் மியூனிக் நகரிலே லென்பாக் மாளிகை என வழங்கும் நகரக் கலைக்கூடத்தில், ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர் உயரமும் 44 சென்ரிமீற்றர் அகலமுங் கொண்ட சிறியதோர் ஓவியம் உளது. அட்டையின்மேல் எண்ணெய் வண்ணங் கொண்டு தீட்டப்பட்டது, 1909ஆம் ஆண்டுக்குரியது. பசும்புல் படர்ந்த சரிவொன்றில் ஆணும் பெண்ணுமாய் இருவர் சாய்ந்து இளைப்பாறுகின்றனர். அவர்களுக்கு அப்பால் நீல மலைகள், மலைகளின்மேல் வானம். புல்வெளியில் ஒரு புல்லேனுந் தனித்துத் தெரியவில்லை. மலையிலே மரமோ பாறையோ காட்டப்படவில்லை. ஒவ்வொரு பொருளும் ஒரே வண்ணப் பரப்பாய், கரிய கோடொன்றினால் வளைக்கப்பட்டு நிற்கின்றது. இளைப்பாறும் இருவருக்கும் முகம் உண்டு. ஆயின் அம்முகங்களிற் கண்ணும் மூக்கும் வாயும் வரையப்படவில்லை.

ஆடவர் அலெக்சி யவ்லென்ஸ்கி. பெண்மணி மரியானே வெரெவ்கின். இருவரும் உருசிய நாட்டு ஓவியர். படத்துக்கும் அவர்கள் பெயர்களே தலைப்பாயின. அதனைத் தீட்டியவர் காபிரியேலே முன்ரர் என்னும் ஜேர்மானியப் பெண்மணி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஓவியத்தைப் பழைய நெறியினின்றும் பிரித்தெடுத்த முன்னணிக் கலைஞருள் அவரும் ஒருவர். எனினும் கலை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் அவரை வசிலி கண்டின்ஸ்கியின் மாணவி என்றும், பின்னர் அவர்தம் துணைவி என்றும், அதன்பின்னர் அவர்தம் படங்களைக் காத்தவர் என்றுமே குறித்துச் சென்றன. அவருடைய சொந்த ஆக்கங்களைப் பற்றிப் பேச நேர்ந்தவிடத்து, கல்வியாலன்றி இயல்பூக்கத்தால் வரைந்தவர் என்று புகழ்ந்தன. அப்புகழுரை எத்துணை உண்மையுடையது என்பதை ஆராய்தற்கு இச்சிறு படமே தக்க சான்றாகும்.

முன்ரர் 1877ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி பேர்லினிற் பிறந்தார். தந்தையார் இளமையில் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று, அங்கு நிகழ்ந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் தாயகம் மீண்ட பல் வைத்தியர். தாயாரும் அமெரிக்காவில் வளர்ந்தவரே. 1886இல் தந்தையாரும் 1897இல் தாயாரும் மறைந்தனர். பெற்றோர் விட்டுச்சென்ற செல்வம் அவருக்கு ஓரளவு தன்னுரிமையை அளித்தது. 1898 முதல் 1900 வரை தமக்கையாரோடு அமெரிக்காவிலுள்ள உறவினர் இல்லங்களுக்குச் சென்று தங்கி, கையடக்கமான கொடக் ஒளிப்படக் கருவியொன்றினால் மிசூரி, ஆர்க்கன்சோ, டெக்சாசு முதலாம் இடங்களை ஏறக்குறைய 400 படங்களிற் பதிவுசெய்தார். காட்சியொன்றிற் கொள்ளற்பாலது இது, தள்ளற்பாலது இது எனத் துணியும் பயிற்சி தூரிகைக்கு முன்பே ஒளிப்படக் கருவி வாயிலாக அவருக்குக் கைவந்தது. இயல்பூக்கம் என்று பேசுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

1901இல் ஓவியங் கற்கும் நோக்குடன் மியூனிக் சேர்ந்தார். அந்நகரின் அரச கலைக்கழகம் ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றது; ஆனால் 1920 வரை பெண்களை மாணவராய் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே பெண் கலைஞர் தமக்கென நிறுவிய சங்கத்தின் வகுப்புகளுக்கே முன்ரர் முதலிற் சென்றார். பெண்களையும் ஆடவரையும் ஒக்கச் சேர்த்துக் கொண்ட பலங்ஸ் என்னும் தனியார் கலைப் பள்ளியில் 1902ஆம் ஆண்டு சேர்ந்தபோதுதான் கண்டின்ஸ்கியை ஆசிரியராகப் பெற்றார். சட்டக் கல்வியை விட்டு முப்பதாம் வயதில் ஓவியத்துக்கு வந்த கண்டின்ஸ்கி, நுணுக்கமாய் விளக்கிக் கற்பிக்கும் ஆசிரியர். முன்ரரைப் பற்றி அவர் கூறியதாக முன்ரரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்த செய்தியொன்று உண்டு: அவருக்குக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை, இயற்கையே யாவற்றையும் அவருக்குத் தந்திருக்கின்றது, அதனைக் கெடாது காப்பது ஒன்றே ஆசிரியர் செய்யத்தக்கது என்பதே அது. ஓர் ஆசிரியர் தம் மாணவிக்குத் தரக்கூடிய பெருமதிப்பு இதுவெனல் மிகையன்று. எனினும் அச்சொல் நாளடைவில் வேறு பொருள் பெற்றது. இயற்கை தந்ததெனின், முயற்சியாற் பெற்றது எங்கே என்ற வினா எழாதொழிந்தது.

1903இல் இருவரும் தமக்குள் மணவுறுதி செய்துகொண்டனர். கண்டின்ஸ்கி ஏற்கெனவே மணமானவர். அம்மணம் 1911 வரை சட்டப்படி முறியவில்லை. 1904 தொடக்கம் நான்கு ஆண்டுகள் ஒல்லாந்து, துனீசியா, இத்தாலி, பிரான்சு எனப் பல நாடுகளிற் சேர்ந்து சுற்றினர். அந்நாட்களில் முன்ரர் தீட்டிய எண்ணெய் வண்ணப் படங்கள், வண்ணக் கத்தியாற் சிறுசிறு வண்ணத் துண்டுகளைத் தடிப்பாய் அப்பி ஒளியின் சலனத்தைக் காட்டும் மனப்பதிவு நெறியைச் சார்ந்தவை. அவை திருத்தமானவையாயினும் அக்காலத்துப் பிறர் படங்களினின்றும் பெரிதும் வேறுபட்டவையல்ல. ஆனால் 1906, 1907ஆம் ஆண்டுகளிற் பாரிசு நகரிலும் அதனை அடுத்த செவ்ர் என்னும் ஊரிலும் வாழ்ந்த காலத்தில், மரப்பலகையிலும் லினோலியத் தகட்டிலும் செதுக்கி வண்ண அச்சுப் படங்கள் பலவற்றை ஆக்கினார். செதுக்கு அச்சுக்கென ஓர் ஒழுங்குண்டு. தூரிகையைப் போற் குழைத்துத் தேய்க்க அதில் இடமில்லை. ஒரு பரப்பு ஒரு வண்ணத்தையே ஏற்கும். எல்லையைக் கத்தி ஒரே வீச்சில் வகுத்தல் வேண்டும். முர்னாப் புல்வெளியிற் காணப்படும் தட்டையான வண்ணப் பரப்பும் உறுதியான எல்லைக் கோடும் இந்த அச்சுப் படங்களில் ஏற்கெனவே உள. இவ்வுண்மை பின்வரும் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது.

மியூனிக்கிலிருந்து தெற்கே 70 கிலோமீற்றர் அளவில், ஸ்ராபெல்சே என்னும் ஏரியின் அருகே, அல்ப்ஸ் மலையடிவாரத்தில் அமைந்தது முர்னா என்னும் சிற்றூர். 1879 முதல் அவ்வூருக்குப் புகையிரதம் ஓடியது. ஊருக்குத் தெற்கே சதுப்பு நிலம், அதற்கப்பால் மலைத்தொடர். தெற்கிலிருந்து மலையைக் கடந்து வீசும் வெப்பக்காற்றை அந்நாட்டார் பொயன் என்பர். அக்காற்று வீசும் நாட்களில் வானம் தெளிந்து, தொலைவிலுள்ள மலைகள் கைக்கெட்டுந் தூரத்தில் நிற்பதுபோலத் தோன்றும். இடையிலுள்ள மூட்டம் நீங்குவதாற் சேய்மை அண்மை வேறுபாடு குன்றி, மலை ஒரு நீலத் தகடுபோற் காணப்படும். புதிய நெறி ஓவியரின் வண்ணங்களைக் கண்டு, இயற்கையில் இல்லாததை வரைந்தனர் என்று அக்காலத்தார் ஏளனஞ் செய்தனர். முர்னாவைப் பொறுத்தவரை அவ்வேளனம் முழுதும் பொருந்தாது.

1908ஆம் ஆண்டு கோடைமுடிவில் கண்டின்ஸ்கி, முன்ரர், யவ்லென்ஸ்கி, வெரெவ்கின் ஆகிய நால்வரும் இவ்வூரிற் கூடித் தங்கி ஓவியந் தீட்டினர். ஒருவர் படத்தை ஒருவர் பார்த்தும் பேசியும் திருத்தியும் கழிந்த அச்சில வாரங்களில் முன்ரரின் கைப்போக்கு முற்றாக மாறியது. சிறிதுகாலத் துன்பத்தின்பின் தாம் ஒரு பெரும் பாய்ச்சல் பாய்ந்ததாகவும், இயற்கையைக் கண்டவாறு வரைதலை விடுத்து, உட்பொருளை உணர்ந்து பிழிந்தெடுத்துத் தருதலைத் தொடங்கியதாகவும் 1911இல் எழுதிய நாட்குறிப்பிற் கூறியுள்ளார். சில நாட்களில் ஐந்து படங்கள்கூட முடிந்தன என்றும், சில நாட்களில் ஒன்றும் கைகூடவில்லை என்றும் அங்கேயே குறித்துள்ளார். விரைவினைக் கண்டு இஃது எளிதில் வந்தது என முடிவுசெய்தல் தவறு. துன்பத்தின்பின் என்று அவரே சொல்லியிருத்தலை நோக்குக. நிலத்தைக் கண்டவாறு உரைத்தல் வேறு, நிலத்தினின்றும் உரிப்பொருளைக் கொள்ளுதல் வேறு என்பது திணையிலக்கணம் பயின்றோர்க்குப் புதிய கருத்தன்று. முன்ரர் பிழிந்தெடுத்தல் என்றது ஏறத்தாழ அத்தகையது.

இம்மாற்றத்துக்குக் காரணம் யாது என்பதில் அறிஞர் பலவாறு உரைப்பர். பிரான்சிற் கோகனின் வழிவந்தோர் கையாண்ட வண்ணப் பரப்பு முறையை யவ்லென்ஸ்கி அறிந்திருந்தார். முர்னாவில் அதனை அவர் எடுத்துரைத்தார் என்பது ஒரு சாரார் கொள்கை. முன்ரரும் யவ்லென்ஸ்கிக்குத் தாம் பட்ட கடனை மறைத்தாரல்லர். முர்னாவுக்கே உரிய கண்ணாடி ஓவியக் கலை காரணமென்பது இன்னொரு சாரார் கொள்கை. கண்ணாடியின் பின்புறத்தில் முதலிற் கரிய கோட்டை வரைந்து, பின்னர் வண்ணத்தை நிரப்பி, முன்புறத்தாற் பார்க்குமாறு அமைப்பது அக்கலை. தஞ்சைப் பகுதிக் கண்ணாடிப் படங்களைக் கண்டோர் இம்முறையை எளிதில் விளங்கிக்கொள்வர். முர்னாவில் மதுவடிசாலை உரிமையாளர் ஒருவர் இத்தகைய படங்கள் பலநூறு சேர்த்து வைத்திருந்தார். ஊரில் இக்கலையை இன்னும் பேணி வந்த ஐன்ரிக் ரம்போல்ட் என்பாரிடம் முன்ரர் நேரிற் சென்று கற்றார். பின்னர் நண்பர்களும் அதனைப் பின்பற்றினர்.

இவ்விரு கொள்கைகளிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் காரணத்தை முன்ரருக்குப் புறத்தே தேடுகின்றன. கண்ணாடி ஓவியத்தை அவர் கற்குமுன்னரே கரிய கோடு அவர் படங்களிற் புகுந்துவிட்டது. யவ்லென்ஸ்கியோடு முர்னாவிற் கூடுமுன்னரே, பாரிசில் ஆக்கிய அச்சுப் படங்களில் வண்ணப் பரப்பும் எல்லையும் அமைந்துவிட்டன. அச்சுத் தகட்டில் ஏற்கெனவே செய்துபார்த்த ஒன்றை எண்ணெய் வண்ணத்திற் செய்யத் துணிந்ததே முர்னாவில் நிகழ்ந்த பாய்ச்சல் எனக் கொள்ளுதல் பொருத்தமாகும். நண்பர் சொல்லும் நாட்டார் கலையும் அத்துணிவுக்கு உரமாயின. ஒருவர் தாமே கற்றதைத் தாமே வேறிடத்திற் பயன்படுத்துவதை இயல்பூக்கம் என்று கூறுதல் ஆகாது. அது கல்வியின் பயனே.

இனிப் படத்தை மீண்டும் நோக்குக. முகத்தை வரையாது விட்டமை கைத்திறன் இன்மையாலோ அவசரத்தாலோ நேர்ந்ததன்று. அதே 1909ஆம் ஆண்டில் அதே வெரெவ்கினை முன்ரர் தனியே உருவப்படமாகவுந் தீட்டியுள்ளார். மஞ்சட் பின்னணியின்முன், பெரும் பூக்கள் செறிந்த அகன்ற தொப்பி அணிந்து, தோளுக்குமேலாற் திரும்பிப் பார்க்கும் அவ்வுருவத்திற் கண்ணும் வாயும் கூர்மையாய்ப் பேசுகின்றன. ஐம்பதை அணுகும் பெருமாட்டி ஒருவரின் மிடுக்கும் நகையும் அதில் உண்டு. உருவப்படத்திற் கொடுத்ததை நிலக்காட்சியிற் கொடாது விட்டமை தேர்ந்து செய்த செயல். முகங்களில் உறுப்புகளை வரைந்திருப்பின் பார்ப்போர் கண் அங்கேயே தங்கியிருக்கும். புல்வெளி வெறும் பின்திரையாகிவிடும். முகம் வெறுமையாய் நிற்பதனாலேயே மனிதர் நிலத்தோடு ஒரு தரத்தினராய், மலையைப்போல ஒரு வண்ணப் பரப்பாய் ஆகின்றனர். உடலின் சாய்வும் மண்ணின் சரிவும் ஒன்றையொன்று தொடர்கின்றன. அந்தப் பிற்பகலின் ஓய்வு முகத்தால் அன்றி உடலின் கிடையாற் சொல்லப்படுகின்றது.

வெரெவ்கினின் வரலாற்றை அறிந்து இப்படத்தைக் காண்போர்க்கு மற்றோர் எண்ணமும் தோன்றும். 1860இல் உருசியாவிற் பிறந்து, இலியா ரெப்பினிடம் பயின்று, இளமையிலேயே புகழ்பெற்ற அவர், 1888இல் வேட்டையின்போது தம் துப்பாக்கியால் வலக்கையிற் காயமுற்றும் பயிற்சியை விடாது தொடர்ந்தவர். அத்தகையவர் யவ்லென்ஸ்கியின் ஆற்றலை வளர்ப்பதே தம் கடன் எனக் கருதி, மியூனிக்கில் ஏறக்குறைய பத்தாண்டுகள் தூரிகையைத் தொடாதிருந்தார். அவருடைய பொருளுதவியும் உரையாடலும் யவ்லென்ஸ்கியைக் கலைஞராய் உருவாக்கின. 1906 அளவிலேயே மீண்டும் தீட்டத் தொடங்கினார். ஆடவர் ஒருவரின் கலைக்காகத் தம் கலையை ஒதுக்கிவைத்து மீண்ட பெண்ணொருவரை, அந்நிலைமை தமக்கும் நேரக்கூடிய மற்றொரு பெண் தீட்டிய படம் இது. முன்ரர் இதனை எண்ணித் தீட்டினார் என்பதற்குச் சான்று இல்லை. படத்தை உணர்ச்சிக் கதையாக்குதல் வரலாற்றாசிரியர் தொழிலும் அன்று. ஆயினும் அப்புல்வெளியில் இருந்தவர்கள் யாவர் என்பது படத்தின் வரலாற்றிற் சேரவேண்டியதே.

1909 ஆகத்து மாதத்தில் முர்னாவில் ஒரு வீட்டை முன்ரர் தம் பெயரில் வாங்கினார். ஊரார் அதனை உருசியர் வீடு என்றனர். வாங்கியவர் ஜேர்மானியர், பணமும் அவருடையது, பெயர் மட்டும் விருந்தினரைச் சார்ந்து அமைந்தது. அவ்வாண்டிலேயே நால்வரும் ஏனையோருடன் கூடி மியூனிக்கிற் புதிய கலைஞர் சங்கத்தை அமைத்தனர். அரச கலைக்கழகம் கதவடைத்திருந்த அதே நகரில், புதிய சங்கத்தின் தோற்றுவாயிற் பெண்கள் சமநிலையில் நின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

1911 திசெம்பரிற் கண்டின்ஸ்கியின் பெரும்படம் ஒன்றை அச்சங்கம் மறுத்தபோது, அவரும் பிரான்சு மார்க்கும் முன்ரரும் விலகினர். அம்மாதம் 18ஆந் திகதி நீலக் குதிரைவீரன் என்னும் பெயரில் முதற் காட்சியைத் தொடங்கினர். அதில் முன்ரரின் படங்களும் இடம்பெற்றன. 1912இல் வெளிவந்த அக்குழுவின் ஆண்டு மலரில் அவருடைய படமும் பதிக்கப்பட்டது. ஆயின் கட்டுரை எழுதியோர் அனைவரும் ஆடவரே. கொள்கையை எழுத்திற் பொறித்தவர்கள் வரலாற்றிற் கொள்கையின் தலைவராயினர். எழுதாதவர் சிந்தியாதவர் எனக் கொள்ளப்பட்டனர். முதற் காட்சியின் அறைகளில் எப்படம் எங்குத் தொங்கியது என்பதை இன்று அறிதற்கு முதன்மைச் சான்றாய் உள்ளவை, முன்ரர் தம் கருவியால் எடுத்த ஒளிப்படங்களே. அக்குழுவினரின் நட்புக் கூட்டங்களை எடுத்த படங்களிற் பலவும் அவர் எடுத்தவை. எடுத்தவர் ஆதலின் அவற்றில் அவர் காணப்படார்.

இக்காலத்திற் கண்டின்ஸ்கி பொருளுருவை விட்டு அருவ ஓவியத்தை நோக்கிச் சென்றார். 1909இல் அவர் தீட்டிய முர்னாப் படங்களிலேயே புகையிரதமும் கோட்டையும் வண்ணத்துட் கரையத் தொடங்கிவிட்டன. முன்ரரோ காணும் பொருளை விடவில்லை. மலை மலையாகவும் வீடு வீடாகவும் இருக்க, அவற்றின் சாரத்தை மட்டும் கொண்டார். பிற்கால வரலாற்றாசிரியர் அருவ ஓவியத்தையே நவீன கலையின் சேரிடமாகக் கொண்டமையால், அங்குச் சென்றோரை முன்னோடிகள் என்றும், செல்லாதோரை வழியில் நின்றோர் என்றும் வகுத்தனர். சேரிடத்தை முதலில் முடிவுசெய்து பின்னர்ப் பயணிகளை மதிப்பிடும் இவ்வழக்கு அரசியல் வரலாற்றிலும் உண்டு. அங்குப் போலவே இங்கும் அது தீங்கு விளைத்தது. 1913இற் பேர்லினில் எர்வாட் வால்டன் நடாத்திய புயல் என்னும் கலைக்கூடம் முன்ரரின் 80க்கு மேற்பட்ட படங்களைத் தனிக்காட்சியாக வைத்தது. அந்நாளில் அவரை வழியில் நின்றவராக எவரும் கருதவில்லை என்பதற்கு இதுவே போதும்.

1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியதும் உருசியக் குடிகளான கண்டின்ஸ்கி, யவ்லென்ஸ்கி, வெரெவ்கின் மூவரும் ஜேர்மனியை விட்டு நீங்க நேர்ந்தது. நால்வர் கூட்டம் கலைந்தது. கண்டின்ஸ்கி உருசியா சென்றார். நடுநிலை நாடாகிய சுவீடனுக்கு 1915இற் சென்ற முன்ரர் அவரைக் காத்திருந்தார். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஸ்ரொக்கோம் வந்த கண்டின்ஸ்கி 1916 மார்ச்சில் மீண்டுபோனார். அதன்பின் இருவரும் சந்திக்கவில்லை. 1917இற் கண்டின்ஸ்கி வேறொருவரை மணந்தார். முன்ரர் 1920 வரை ஸ்கந்தினேவியாவிலேயே தங்கினார். பிரிவின்பின், முன்ரரிடம் இருந்த கண்டின்ஸ்கியின் படங்கள் குறித்து நெடிய வழக்காடல் எழுந்து, 1926இல் முடிந்தது. ஒரு பகுதி கண்டின்ஸ்கிக்குத் திரும்பிச் சென்றது. ஏனைய முன்ரருக்கு உரியவாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மிகக் குறைவாகவே தீட்டினார்.

1931இல் மீண்டும் முர்னாவிற் குடியேறினார். இரண்டு ஆண்டுகளில் நாட்சிகள் ஆட்சிக்கு வந்தனர். 1937இல் மியூனிக்கிலே இழிந்த கலை என்று பெயரிட்டு அவர்கள் நடாத்திய காட்சியிற் கண்டின்ஸ்கி, யவ்லென்ஸ்கி முதலியோர் படங்கள் இகழ்ச்சிக்கென வைக்கப்பட்டன. அரசாங்கம் அமைத்த பெருந்தெருக்களைப் போற்றிய 1936ஆம் ஆண்டுக் காட்சியொன்றில் முன்ரரும் பங்குகொண்டார் என்பதை மறைத்தற்கில்லை. மண் வெட்டும் பொறிகளும் வெட்டுண்ட மலைச்சரிவும் அக்காலப் படங்கள் சிலவற்றில் வருகின்றன. ஆனால் அதே ஆண்டுகளில், கண்டுபிடிக்கப்படின் பறிபோகக்கூடிய நூற்றுக்கணக்கான படங்கள் அவருடைய வீட்டு நிலவறையில் மறைந்திருந்தன. இவ்விரண்டும் ஒருவரின் வாழ்க்கையே. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுதல் நேர்மையாகாது.

போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1957ஆம் ஆண்டு, தமது எண்பதாவது பிறந்தநாளையொட்டி முன்ரர் அத்தொகுதியை மியூனிக் நகரத்துக்கு நன்கொடையாக வழங்கினார். ஆக்கங்கள் 1000க்கு மேற்பட்டவை. அவற்றிற் கண்டின்ஸ்கியின் எண்ணெய் வண்ணப் படங்கள் மட்டும் ஏறக்குறைய 90. முன்ரரின் சொந்த எண்ணெய் வண்ணப் படங்கள் அதனினும் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று முர்னாப் புல்வெளிப் படம். ஒரு மாகாண நகரத்தின் கலைக்கூடம் ஒரே நாளில் உலகப் புகழ் அடைந்தது. செய்தித்தாள்கள் கண்டின்ஸ்கியைக் காத்த பெண்மணியைப் புகழ்ந்தன.

அதே 1957இல், அவருடன் முப்பது ஆண்டுகளாய் வாழ்ந்த கலையறிஞர் யொகான்னஸ் ஐக்னர் எழுதிய நூல் வெளிவந்தது. அதன் தலைப்பிற் கண்டின்ஸ்கியின் பெயர் முன்னும் முன்ரரின் பெயர் பின்னும் நின்றன. அன்பினால் எழுதப்பட்ட அந்நூலே, சிந்தனையின் வழியன்றிக் குழந்தையுள்ளத்தால் வரைந்தவர் என்னும் முன்ரரின் உருவத்தைப் பெரிதும் நிலைநாட்டியது. பாரிசு அச்சுப் படங்களும் அமெரிக்க ஒளிப்படங்களும் அன்று பெரும்பாலார் கண்ணிற் படாதிருந்தன. சான்று பெட்டிக்குள் இருக்க, முடிவு நூலில் ஏறிவிட்டது.

முன்ரர் 1962ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி தமது முர்னா வீட்டில் மறைந்தார். 2017இல் லென்பாக் மாளிகை அவருடைய படங்களைக் கொண்டு ஒரு பெருங்காட்சியை அமைத்தது. அதில் அதுவரை மக்கள் பார்வைக்கு வராத படங்கள் பல, அவருடைய எச்சங்களைப் பேணும் அறநிலையத்தின் களஞ்சியத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்டன. ஒளிப்படங்களும் அச்சுப் படங்களும் எண்ணெய் வண்ணப் படங்களுடன் சேர்த்துக் காட்டப்பட்டன. 1909ஆம் ஆண்டின் புல்வெளிக்கு முன்னே எத்தனை ஆண்டுப் பயிற்சி நின்றதென்பதை, அவர் மறைந்து ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் அக்காட்சிக்கு வந்தோர் வரிசையாகக் கண்டனர்.